விமானியாகவும் விமானப் பொறியாளராகவும் வாழ்ந்த ஒருவருக்கு நினைவுக் கட்டுரை எழுதுவது எப்படி?

விமானியாகவும் பொறியாளராகவும் இருந்த ஒருவர் மறைந்துவிட்டால், அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும் பொறுப்பு குடும்பத்தில் நன்றாக எழுதக்கூடியவர் என்று பெயரெடுத்த யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். கையில் இருக்கும் அவகாசமோ இரண்டு மூன்று நாள்தான். அந்த அவசரத்தில் முதலில் கைக்கு வருபவை ஆயத்தத் தொடர்களே. வானத்தை அளந்தவர், சிறகு விரித்தவர், பழகுவதற்கு இனியவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று தொடங்கினால் கட்டுரை தானாக நகரும். பெயரை மட்டும் மாற்றினால் அது இன்னொரு விமானிக்கும் அப்படியே பொருந்தும். அடுத்த பிழை, வாழ்க்கையை மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது. பறந்தது ஒரு பத்தி, வடிவமைத்தது ஒரு பத்தி, கடைசியில் "அன்பான கணவராகவும் பாசமுள்ள தந்தையாகவும் திகழ்ந்தார்" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவருடைய மனைவி எதிரில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால், அதை அப்படியே விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

மூன்று பெட்டியும் ஒரே மனிதருடைய ஒரே ஆண்டில், சில சமயம் ஒரே வாரத்தில் நடந்தவை. ஆகவே எழுதத் தொடங்கும் முன் அவற்றை ஒரே தாளில் கொண்டுவர வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. இத்தகைய ஒருவருக்கு அது மற்றவர்களைவிட எளிது. ஏனெனில் விமானிகள் தம் நாள்களைத் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

லாக்புக்கிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் முதலில் தேட வேண்டியது அவருடைய லாக்புக், அதாவது பறப்புப் பதிவேடு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். பயிற்சிக் காலத்து முதல் புத்தகம் தனியாக எங்காவது ஒதுங்கியிருக்கும். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: தேதி, விமானத்தின் வகை, பதிவெழுத்துகள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பொறுப்பு விமானி யார், பகல் நேரம், இரவு நேரம், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம், கடைசியில் குறிப்பு. வால்பகுதியில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளின் தொடக்கம் அந்த விமானம் எந்த நாட்டில் பதிவானது என்பதைக் காட்டும். ஜி என்றால் பிரிட்டன், எஃப் என்றால் பிரான்ஸ், என் என்றால் அமெரிக்கா. பழைய புகைப்படத்தில் வால் எழுத்துகள் தெரிந்தால், அவற்றை லாக்புக்கில் தேடி அந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைப் பல சமயம் நெருங்கிவிடலாம்.

இங்கே தடுமாற வைக்கும் சில இடங்கள் உண்டு. நேரம் தசமத்தில் எழுதப்பட்டிருந்தால் 1.5 என்பது ஒரு மணி முப்பது நிமிடம். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று படித்தால் கூட்டுத்தொகை முழுவதும் கெட்டுவிடும். சிலர் இடையில் மணி-நிமிட முறைக்கு மாறியிருப்பார்கள். ஆகவே எந்தப் புத்தகத்தில் எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரப் பறப்புகளில் நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கலாம். அப்போது லாக்புக்கில் உள்ள தேதியும் வீட்டுக் காலண்டரில் உள்ள தேதியும் ஒரு நாள் விலகி நிற்கும். தரையில் இருந்தபடியே பறப்பைப் பழகும் சிமுலேட்டரில் செலவிட்ட மணிகளைப் பறந்த மணிகளோடு கூட்டக் கூடாது. பறப்பு நேரம் என்பதும் வானில் இருந்த நேரம் மட்டும் இல்லை; புறப்படுவதற்காக விமானம் முதன்முதலில் நகர்ந்த கணத்திலிருந்து பறப்பு முடிந்து நின்ற கணம் வரை எண்ணப்படுவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையிலான மொத்தம் எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்து மொத்தத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் நாலைந்து பக்கங்களையாவது கூட்டிச் சரிபார்த்த பிறகு.

மொத்த எண்ணைக் கண்டுபிடித்ததும் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். பத்தாயிரம் மணி நேரம் பறந்தார் என்று சொன்னால், பறக்காதவர் காதில் அது பெரிய எண் என்ற அளவிலேயே விழும். அதையே நாளாக்கினால் ஏறக்குறைய 417 நாள். இரவு பகலாக ஓர் ஆண்டுக்கு மேல் அவர் விமானத்தில் இருந்திருக்கிறார் என்று சொன்னால் வீட்டில் காத்திருந்தவருக்கும் அதில் ஒரு பொருள் கிடைக்கும். உரிமங்களையும் இப்படி விளக்கலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் குறைந்தபட்ச அளவுப்படி தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரமும், வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரமும் (ஏற்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150), பெருவிமானங்களின் தலைமை விமானிக்குரிய உரிமத்துக்கு 1,500 மணி நேரமும் வேண்டும். நாடுகள் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். 40க்கும் 1,500க்கும் இடையில் அவருக்கு எத்தனை ஆண்டு பிடித்தது, அந்த ஆண்டுகளில் செலவுக்கு என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். சுவையான பகுதி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

தனியாகப் பறந்த முதல் நாளைத் தவறாமல் கண்டுபிடியுங்கள். அதுவரை பயிற்றுநர் பெயர் இருந்த கட்டத்தில் முதன்முதலாக அவர் பெயர் மட்டும் இருக்கும்; நேரம் மிகக் குறைவாக, ஓடுதளத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும் பத்துப் பதினைந்து நிமிடமாக இருக்கும். கையெழுத்தையும் பாருங்கள். அந்த ஒரு வரியில் மட்டும் பேனா அழுத்தமாக விழுந்திருந்தால், அல்லது அடிக்கோடு இருந்தால், அதைக் கட்டுரையில் சொல்லுங்கள். விமானிகள் குறிப்புப் பகுதியில் அதிகம் எழுத மாட்டார்கள் என்பதால் அங்கே உள்ள இரண்டு சொல்லுக்கும் எடை உண்டு. சுருக்கெழுத்துகள் புரியாவிட்டால் ஊகிக்காமல், அதே காலத்தில் பறந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிரிட்டிஷ் விமானப்படை மரபில் டி.சி.ஓ. என்றால் கொடுத்த பணி நிறைவேறியது என்று பொருள். தெரியாதவர் அதை ஓர் ஊரின் பெயராக எடுத்துக்கொண்டு எழுதிவிட முடியும்.

பறப்பதை எந்த வயதில் நிறுத்தினார் என்பதிலும் கவனம் வேண்டும். சர்வதேச வணிகப் பறப்பில் பல விமானிகள் சேர்ந்து இயக்கும் விமானங்களுக்கான வயது வரம்பு 2006 நவம்பரில்தான் 60லிருந்து 65 ஆனது. அதற்கு முன் 60 வயதில் நின்றவரை "பறப்பதை விட்டுவிட்டார்" என்று எழுதினால், விதி நிறுத்தியதை அவர் விருப்பமாக்கிவிடுவோம்.

பொறியாளர் என்ற சொல்லைத் திறந்து பாருங்கள்

விமானப் பொறியாளர் என்றால் யார் என்பதில் எழுதுபவர்கள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள். விமானத்தைப் பராமரித்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடுபவரும் பொறியாளர். பழைய பெருவிமானங்களில் விமானிகளுக்குப் பின்னால் அமர்ந்து எஞ்சின்களையும் எரிபொருளையும் கவனித்தவரும் பொறியாளர். இறக்கையின் வளைவையும் உலோகத்தின் தடிமனையும் கணக்கிட்டவரும் பொறியாளர். இவர் எந்த வகை என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். வடிவமைப்பு என்றாலும் அதற்குள் காற்றியக்கம், கட்டமைப்பு வலிமை, எஞ்சின், கட்டுப்பாட்டுக் கருவிகள், பறப்புச் சோதனை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. "அந்த விமானத்தை வடிவமைத்தவர்" என்று ஒருவர் மீது முழு விமானத்தையும் ஏற்றிவிடுவது, நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பொய். ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்திருப்பார்கள். அவருடைய பழைய நண்பர்கள் அந்த வரியைப் படித்து அமைதியாகப் புன்னகைப்பார்கள். அவரும் உயிரோடு இருந்தால் முதலில் அடித்திருக்கக்கூடிய வரி அதுவாகத்தான் இருக்கும்.

என்ன செய்தார் என்பதைக் காகிதங்களே சொல்லும். பொறியியல் வரைபடத்தின் மூலையில் உள்ள கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று முதலெழுத்துகள் இருக்கும். அவருடைய முதலெழுத்து வரைந்தவர் இடத்திலிருந்து ஒப்புதல் இடத்துக்கு எந்த ஆண்டில் மாறியது என்பதே ஒரு பதவி உயர்வுக் கதை. காப்புரிமைகள் பொது ஆவணங்கள் என்பதால் கண்டுபிடிப்பாளர் பெயரைக் கொண்டு தேடலாம். விண்ணப்பித்த ஆண்டும் வழங்கப்பட்ட ஆண்டும் வேறு வேறாக இருக்கும், இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடுங்கள். ராணுவப் பணியாக இருந்தால், வீட்டில் கிடைத்த அறிக்கை என்பதற்காக அதை வெளியிட்டுவிடக் கூடாது; அவர் வேலை பார்த்த இடத்தில் கேட்ட பிறகே அதிலிருந்து எதையும் எடுங்கள்.

அவருடைய வேலையை வாசகருக்கு விளக்க ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, அதை முழுமையாகச் சொல்லுங்கள். கட்டமைப்புப் பிரிவில் இருந்தவர் என்றால் இறக்கைச் சோதனையைச் சொல்லலாம். பயணத்தில் ஒரு விமானம் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமையைக் கணக்கிட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்குமாறு இறக்கையைக் கட்ட வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கைகளைச் சோதனைக் கூடத்தில் மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். 154 சதவீதத்தில்தான் அவை முறிந்தன. தேவைப்பட்டது 150. முறிந்ததைக் கண்டு ஏன் மகிழ்ந்தார்கள் என்பது வாசகருக்குப் புரிந்துவிட்டால், உங்கள் தந்தையோ மாமாவோ வாழ்நாள் முழுவதும் எந்த நான்கு சதவீதத்துக்காக உழைத்தார் என்பதும் புரிந்துவிடும். அதிகமாக வலுவாக்கினால் எடை கூடும், எடை கூடினால் விமானம் யாருக்கும் பயன்படாது. உலோகக் களைப்பை, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் விரிசல் விடுவதை, ஆராய்ந்தவர் என்றால் 1954இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் அடுத்தடுத்து விழுந்த காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் பயணிகள் விமானங்களைச் சொல்லலாம்: இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறப்பின்போது ஏற்படும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியபோது, திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து உலோகம் கிழிந்தது.

பறப்பும் பொறியியலும் ஒருவரிடமே இருந்ததால் என்ன நேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் நடு நரம்பு. விமானிக்குக் கையில் தெரிவதைப் பொறியாளரிடம் சொல்வது கடினம். "கொஞ்சம் இழுக்கிறது" என்றால் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. சோதனை விமானியும் பொறியாளருமான ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பரோடு சேர்ந்து 1969இல் வெளியிட்ட அளவுகோல் இந்தச் சிக்கலுக்கே பிறந்தது. விமானி சில கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் 1 முதல் 10 வரை ஓர் எண்ணில் வந்து நிற்பார்; 1 மிகச் சிறந்தது, 10 கட்டுப்படுத்த முடியாதது. நீங்கள் எழுதும் மனிதர் இப்படி இரண்டு மொழிக்கும் இடையில் நின்று பேசிய ஒரு தருணம் இருக்கும். அவருடைய பழைய சகாக்களிடம், "இவர் பறந்து பார்த்துவிட்டு வந்து வரைபடத்தில் எதையாவது மாற்றச் சொன்னதுண்டா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், விருதுப் பட்டியல் முழுவதையும்விடப் பயன்படும்.

வீட்டில் கேட்க வேண்டியவை

மனைவியிடமும் பிள்ளைகளிடமும் "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "ரொம்ப நல்லவர்" என்று அழுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கையும் பொருளும் வரும்படி கேளுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு பெட்டியை எப்படி அடுக்குவார்? இரவு முழுதும் பறந்துவிட்டுப் பகலில் தூங்கும்போது வீட்டில் என்னென்ன சத்தம் கூடாது? மிதிவண்டியின் திருகை யார் முடுக்கினாலும் இவர் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்ப்பாரா? பிள்ளைக்கு இறக்கையை விளக்க, ஒரு காகிதத் துண்டை உதட்டருகில் பிடித்து அதன் மேற்புறம் ஊதி, அது எழும்புவதைக் காட்டினாரா? பயணியாகப் போகும்போது நிம்மதியாக உட்காருவாரா, இல்லை எஞ்சின் ஓசை மாறும் போதெல்லாம் தலையை நிமிர்த்துவாரா?

அவர் இல்லாத நாள்களில் வீட்டை நடத்தியவர் யார் என்பதையும் எழுத வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் அவர் பாதிக்கு மேல் வேறு கண்டத்தில் இருந்திருப்பார். அதைச் சொல்வதால் அவருக்குக் குறைவில்லை. சொல்லாமல் விட்டால் மனைவியின் வாழ்நாள் உழைப்பு காணாமல் போய்விடும். மனத்தாங்கல்கள் வெளிப்பட்டால், எதை எழுதலாம் என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும்.

ஒரே தாள்

இப்போது ஒரு பெரிய தாளில் ஆண்டு வாரியாக மூன்று நெடுவரிசைகள் இட்டு, லாக்புக், வேலை, வீடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எல்லா வரியும் வேண்டாம். திருமணம், பிறப்பு, இறப்பு, வீடு மாறியது, வேலை மாறியது ஆகிய நாள்களை ஒட்டிய வரிகள் போதும்.

இது என்ன செய்யும் என்பதற்கு நீல் ஆம்ஸ்ட்ராங்கின் 1962ஐ எடுத்துக்கொள்ளலாம். அவரும் விமானி, விமானப் பொறியியல் படித்தவர், பிள்ளைகளின் தந்தை. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று அவருடைய மகள் கேரன் மூன்று வயது நிறைவதற்குள் மூளைக் கட்டியால் ஏற்பட்ட நலிவில் இறந்தாள். ஏப்ரல் 20 அன்று எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் புதிய கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தவர், திரும்பி வரும்போது வளிமண்டலத்தில் மேலே எழும்பி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போய், திருப்பிக்கொண்டு வந்து இறங்கினார். செப்டம்பரில் விண்வெளி வீரராகத் தேர்வானார். மூன்று செய்தியும் மூன்று தனித்தனி அத்தியாயங்களில் இருந்தால் வெறும் தகவல். ஒரே தாளில், ஒன்பது மாதத்துக்குள் நிற்கும்போது படிப்பவர் சற்று நின்றுவிடுவார். அதற்கு மேல் விளக்கம் எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. துயரத்தால்தான் அப்படிப் பறந்தார் என்று சேர்த்தால், ஆவணம் சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும்.

உங்கள் தாளிலும் இப்படி ஏதாவது தென்படும். கற்பனையாக ஒன்று சொல்வதானால்: "மூத்த மகள் பிறந்த செவ்வாய்க்கிழமை லாக்புக்கில் மூன்று வரிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே விமானத்தின் சோதனைப் பறப்புகள். கடைசி வரி மாலை நாலரைக்கு முடிகிறது. அதன்பின் ஆறு நாள்களுக்கு எந்த வரியும் இல்லை." கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம். பிறந்த ஊரிலிருந்து தொடங்கினால் மூன்றாம் பத்தியில்தான் அவர் விமானத்தில் ஏறுவார்.

எழுதும்போது

உறவுச் சொல்லை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மகனோ மகளோ எழுதினால் "அப்பா" என்றே கடைசிவரை எழுதலாம். ஒரு பத்தியில் அப்பா, அடுத்ததில் தந்தையார், பிறகு பட்டப்பெயரோடு முழுப்பெயர் என்று மாறினால் மூன்று பேரைப் பற்றிப் படிப்பது போலிருக்கும். தமிழில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல "பார்ப்பார்", "சொல்வார்" என்ற வடிவம் இருக்கிறது. நினைவுக் கட்டுரைக்கு அது ஒரு கொடை. "ஏறுவதற்கு முன் இறக்கையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார்" என்றால் ஆயிரம் காலைகள் ஒரு வரியில் வந்துவிடும். அதே காரணத்தால், ஒரே ஒருமுறை நடந்ததை அந்த வடிவில் எழுதக் கூடாது. ஒருநாள் கோபம் நிரந்தரச் சுபாவமாகிவிடும்.

கலைச்சொல் வந்தால் அதே வாக்கியத்தில் விளக்குங்கள். கருவிப் பறப்பு என்று எழுதினால், வெளியே எதுவும் தெரியாதபோது எதிரே உள்ள கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது என்று சேர்த்துவிடுங்கள். இடம் இருந்தால், விமானப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் 1929 செப்டம்பர் 24 அன்று, மூடிய இருக்கையிலிருந்து வெளியே பார்க்காமலேயே புறப்பட்டு, பறந்து, இறங்கிக் காட்டியதைச் சொல்லலாம். ஆனால் ஒரே வரியில், ஏனென்றால் கட்டுரை டூலிட்டிலைப் பற்றியதில்லை.

விபத்தில் இறந்தவர் என்றால் காரணத்தைப் பற்றி எழுதாதீர்கள். சர்வதேச விதிகளின்படி விசாரணையின் நோக்கம் இனி அப்படி நேராமல் தடுப்பதே, யார் மீதும் பழி சுமத்துவதில்லை; இறுதி அறிக்கை வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை தேதி, இடம், விமான வகை ஆகியவை போதும். விசாரணை முடியுமுன் அவரைக் காப்பாற்றும் நோக்கில் எழுதிய வரியும் பிறகு அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

பிறந்த தேதியை முழுமையாக வெளியிட வேண்டாம், ஆண்டு போதும். வீட்டு முகவரி, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், உரிம எண் ஆகியவை மோசடிக்காரர்களுக்கு உதவும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களை அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். லாக்புக் பக்கத்தின் படத்தைப் போடுவதானால் உடன் பறந்தவர்களின் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. இறுதிப் பயணம் புறப்பட்டார், நிரந்தரமாகத் தரையிறங்கினார் போன்ற உவமைகளைத் தவிர்த்துவிடுங்கள். இறங்குவது ஒரு விமானிக்கு அன்றாட வேலை, அதைச் சாவுக்கு உவமையாக்குவதை அவர்களில் பலர் ரசிப்பதில்லை. 2012 ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் மறைந்தபோது அவர் குடும்பத்தார் கேட்டது மிகச் சிறியது: தெளிந்த இரவில் வெளியே நடக்கும்போது நிலா தெரிந்தால் அவரை நினைத்து ஒருமுறை கண் சிமிட்டுங்கள் என்றார்கள். யாராலும் செய்துவிடக்கூடிய ஒரு சிறு செயல், அவருக்கு மட்டுமே பொருந்துவது. அப்படி ஒன்று கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் கடைசி உண்மைத் தகவலோடு நிறுத்திவிடுங்கள்.

எழுதி முடித்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள்: உடன் பறந்த ஒருவர், உடன் வேலை பார்த்த ஒருவர், வீட்டில் ஒருவர். மூவரும் வேறு வேறு பிழைகளைக் கண்டுபிடிப்பார்கள். கூட்டத்தில் படிக்கப்போவது என்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் விருதுகளிலிருந்து வெட்டத் தொடங்குங்கள், காகிதத் துண்டை ஊதிய காட்சியில் கை வைக்காதீர்கள்.

லாக்புக்கைத் திருப்பி வைப்பதற்கு முன், அட்டையிலிருந்து அட்டை வரை எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, வெளிச்சம் சீராக விழும் இடத்தில் படம் பிடித்துக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் பிரதி இருக்குமாறு செய்யுங்கள். தளர்ந்த பக்கங்களுக்குப் பசைநாடா ஒட்டவும் வேண்டாம், பிளாஸ்டிக் உறைக்குள் உருக்கி மூடவும் வேண்டாம். புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். வால் எழுத்துகளைக் கொண்டு நீங்கள் கண்டுபிடித்த தேதி என்றால், லாக்புக்கின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்பதையும் அதனருகில் குறித்துவிடுங்கள்.